சண்டை போடாத மீன் எது?



"அண்ணா, சண்டை போடாத மீனா பார்த்துக் குடுங்க!"

வண்ண மீன் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இந்த வாக்கியம் காதில் விழும். கடைக்கார அண்ணாவும் வலையை எடுத்து நாலு மீன்களைப் பிடிப்பார். பாலிதீன் பையில் தண்ணீரும் காற்றும் அடைத்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கையில் கொடுப்பார். வீட்டுக்கு வந்து தொட்டியில் விட்டால், மூன்றாம் நாள் ஒரு மீனின் வால் கந்தலாகக் கிழிந்திருக்கும். ஒரு மாதம் போனால் நாலில் ஒன்றுதான் மிச்சம். அதுவும் தொட்டி முழுக்கத் தனக்கே சொந்தம் என்பது போல மிதப்பாகத் திரியும்!

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்லத் தோன்றும். பல நேரம் அவர் மீது தப்பே இருக்காது. கேள்வியில்தான் கோளாறு. "சண்டை போடாத மீன் எது?" என்ற கேள்விக்கு மீனின் பெயரை மட்டும் பதிலாகச் சொல்ல முடியாது. எவ்வளவு பெரிய தொட்டி, என்ன தண்ணீர், கூட யார் யார் இருக்கிறார்கள் என்று எல்லாம் சேர்ந்துதான் பதில். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கத்துக் குட்டீஸ் என்றால், 'என்ன தண்ணீர்' என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு குடும்பத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். ஏஞ்சல், ஆஸ்கார், பிளவர்ஹார்ன், பேரட், டிஸ்கஸ் என்று கடையில் பார்க்கிறீர்களே, இவை ஒன்றுக்கொன்று துளியும் ஒத்துப்போகாத உருவம் கொண்டவை. ஆனால் எல்லாம் ஒரே குடும்பம்! 'சிக்லிட்' என்பது அந்தக் குடும்பத்தின் பெயர். உலகம் முழுவதும் 1,700-க்கும் மேற்பட்ட சிக்லிட் வகைகளுக்கு விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா மார்க்கெட்டிலிருந்து வாங்கி வரும் ஜிலேபி மீன் இருக்கிறதே, அதுவும் இந்தக் குடும்பத்து உறுப்பினர்தான். குழம்பில் கிடப்பவரும் கண்ணாடித் தொட்டியில் ஜொலிப்பவரும் சொந்தக்காரர்கள்!

இந்தக் குடும்பத்துக்குச் சண்டைக்காரக் குடும்பம் என்று பெயர். ஏன் அப்படி? காரணம் தெரிந்தால் உங்களுக்கு அந்த மீன்கள் மேல் கோபமே வராது.

மீன்களில் பெரும்பாலானவை முட்டையிட்டு விட்டு அப்படியே போய்விடும். பிழைத்தால் பிழைக்கட்டும் என்று விட்டுவிடும். சிக்லிட்கள் அப்படி இல்லை. இடம் பார்த்து, கல்லையோ இலையையோ வாயால் சுத்தம் செய்து, முட்டைகளை ஒட்டவைத்து, துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். குஞ்சு பொரித்ததும் கூடவே நீந்திக் காவல் காக்கும். ஜிலேபித் தாய் முட்டைகளை வாய்க்குள் வைத்தே பொரிக்கும். அத்தனை நாளும் அது சரியாகச் சாப்பிடக்கூட முடியாது.

காவல் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் யார் வந்தாலும் விரட்டத்தானே செய்யும்? குட்டி போட்ட நாய் பக்கத்தில் போனால் உறுமுகிறதல்லவா, அதே கதைதான். நாம் ரௌடித்தனம் என்று நினைப்பது, அதற்குப் பிள்ளை வளர்ப்பு.

ஆற்றிலோ ஏரியிலோ இது பெரிய விஷயமே இல்லை. விரட்டப்பட்ட மீன் நாலு முழம் தள்ளிப் போய்விட்டால் சண்டை முடிந்தது. தொட்டியில் எங்கே போகும்? இந்தப் பக்கமும் கண்ணாடி, அந்தப் பக்கமும் கண்ணாடி. தோற்ற மீன் ஓட இடமில்லாமல் மூலையில் போய் நிற்கும். ஜெயித்த மீனுக்கோ அது இன்னும் தன் எல்லைக்குள்ளேயே நிற்பதாகத் தோன்றும். திரும்பத் திரும்ப வந்து கடிக்கும். தொட்டி மீன்கள் பல சாவது இப்படித்தான்.

அப்படியென்றால் எதை வாங்கலாம்? எதை வாங்கக் கூடாது என்பதை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம்.

நெற்றியில் பெரிய புடைப்போடு இருக்கும் பிளவர்ஹார்ன், 1990-களில் மலேசியாவில் வெவ்வேறு சிக்லிட்களைக் கலந்து மனிதர்கள் உருவாக்கியது. புடைப்பு பெரிதாக இருந்தால் வீட்டில் காசு சேரும் என்று சிலர் நம்பி வாங்குகிறார்கள். காசு சேருகிறதோ இல்லையோ, கூட இருக்கும் மீன்கள் குறைந்துவிடும். அதைத் தனியாகத்தான் வளர்க்க வேண்டும். ஆஸ்கார் கடையில் விரல் நீளம்தான் இருக்கும். பார்க்கவும் பாவமாக இருக்கும். ஆனால் அது ஓர் அடி நீளத்துக்கு வளரும். வாய்க்குள் நுழைகிற எல்லாமே அதற்குச் சாப்பாடு. ஊதா, பச்சை என்று சாயம் ஏற்றிய மீன்களை விற்றால் வாங்கவே வாங்காதீர்கள். நாம் வாங்காவிட்டால்தான் அந்த வேலையை நிறுத்துவார்கள்.

இப்போது சாதுவானவர்கள். ஏஞ்சல் மீன் எல்லோருக்கும் பிடிக்கும். சென்னை கொளத்தூர் போன்ற இடங்களிலிருந்து நம் ஊர்க் கடைகளுக்கு நிறைய வருகிறது. சிறு வயதில் ரொம்ப நல்ல பிள்ளை. ஆனால் அது நீளமாக வளர்வதைவிட உயரமாக வளரும். அதனால் ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி வேண்டும். கூடவே குட்டிக் குட்டி நியான் டெட்ராக்களை விட்டால், ஏஞ்சல் வளர வளர டெட்ராவின் எண்ணிக்கை குறையும். ஆறு குட்டி ஏஞ்சல் வாங்கினால் அவற்றில் இரண்டு ஒருநாள் ஜோடி சேரும். அன்றைக்கு மற்ற நான்கும் மூலைக்குப் போகும். அப்போது இன்னொரு தொட்டி வேண்டும் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்!

ராம் என்று ஒரு குட்டி சிக்லிட் இருக்கிறது. இரண்டரை அங்குலம்கூட இருக்காது. நீலப் புள்ளிகள், மஞ்சள் முகம், அவ்வளவு அழகு. டிஸ்கஸ் இன்னும் அழகு. தட்டு மாதிரி வட்டமாக இருக்கும். இரண்டுமே சாதுதான். ஆனால் இரண்டும் தென் அமெரிக்காவின் வெதுவெதுப்பான, மென்மையான தண்ணீரில் பிறந்தவை. ராம் ஒரினோகோ ஆற்றுப் பகுதிக்காரர், டிஸ்கஸ் அமேசான்காரர்.

இங்கேதான் நம் ஊர்த் தண்ணீர் குறுக்கே வருகிறது.

மென்மையான தண்ணீர் என்றால் சுண்ணாம்பு, மக்னீசியம் போன்ற உப்புகள் குறைவாகக் கரைந்த தண்ணீர். அவை அதிகமாக இருந்தால் கடினத் தண்ணீர். உங்கள் வீட்டுத் தண்ணீர் எது? நீங்களே கண்டுபிடிக்கலாம். குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவி வெந்நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவுள்ள மூன்று பாட்டில்களில் போர் தண்ணீர், குழாய்த் தண்ணீர், மழைத் தண்ணீர் என்று அரை பாட்டில் நிரப்புங்கள். ஒவ்வொன்றிலும் பத்துச் சொட்டு சோப்புக் கரைசல் விட்டு, மூடிக் குலுக்குங்கள். மழைத் தண்ணீர் நுரைத்துத் தள்ளும். கடினத் தண்ணீரில் நுரைக்குப் பதிலாக வெள்ளையாகத் திரிதிரியாக மிதக்கும். பக்கெட்டிலும் குழாய் வாயிலும் வெள்ளைப் படலம் படிகிறதே, அதுவும் இதே உப்புகளின் வேலைதான்.

பாலாற்றுப் படுகை ஊர்களில் நிலத்தடி நீர் இவ்வளவு உப்பானதற்கு, பாறையும் குறைந்த மழையும் மட்டும் காரணம் இல்லை. உரித்த தோல் அழுகாமல் இருக்க அதில் உப்புத் தடவி வைப்பார்கள். தோல் ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த உப்பைக் கழுவுவார்கள். பிறகு பதப்படுத்த குரோமியம் சேர்ப்பார்கள். ரொம்ப வருடங்களுக்கு அந்தக் கழிவு நீர் சரியாகச் சுத்தம் செய்யப்படாமல் நிலத்திலும் ஏரியிலும் பாலாற்றிலும் போய்ச் சேர்ந்தது. வேலூர் மக்கள் அமைப்பு ஒன்று இதற்காக உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பு, 'கெடுத்தவரே சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும்' என்று சொன்னது. இன்றும் நாடு முழுவதும் சட்டக் கல்லூரிகளில் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். அத்தோடு தீர்ந்துவிடவில்லை, 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. உங்கள் அக்காவோ அம்மாவோ ஷூ கம்பெனியில் வேலை பார்க்கலாம். அந்தச் சம்பளத்தில்தான் உங்கள் ஸ்கூல் பீஸ் கட்டப்படலாம். அதுவும் உண்மை, இதுவும் உண்மை.

இதில் மீன் வளர்ப்பவருக்கு ஒரு பாடம் இருக்கிறது. உப்பு ஆவியாகாது! தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும். வேலூர் வெயிலில் தொட்டித் தண்ணீர் தினமும் குறையும். குறைந்த அளவுக்கு மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால், பழைய உப்பு அப்படியே இருக்க, புது உப்பு சேர்ந்துகொண்டே போகும். இரண்டு மாதத்தில் தொட்டி ஒரு குட்டி உப்பளம்! அதனால் வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்குத் தண்ணீரை வெளியே எடுத்துவிட்டுத்தான் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இன்னொன்றும் முக்கியம். எந்தக் கிணற்றுத் தண்ணீரை 'குடிக்கக் கூடாது' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்களோ, அது மீனுக்கும் வேண்டாம். ஆர்.ஓ. சர்வீஸ் அண்ணா கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர், எவ்வளவு கரைந்திருக்கிறது என்றுதான் சொல்லும். கரைந்திருப்பது சுண்ணாம்பா குரோமியமா என்று சொல்லாது. காவிரிக் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவுக்கு வந்தால் அதைப் பிடித்து, ஒரு நாள் முழுக்கத் திறந்த பக்கெட்டில் வைத்து, குளோரின் வாசனை போன பிறகு ஊற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் அப்படியே ஊற்றிவிடாதீர்கள். அதில் மீனுக்கு வேண்டிய உப்பும் போய்விட்டிருக்கும்.

சரி, நம் கடினத் தண்ணீரைப் பார்த்து முகம் சுளிக்காத, சாதுவான சிக்லிட் யாராவது உண்டா?

உண்டு. அதுவும் நம் நாட்டுக்காரர்! அமேசானுக்கெல்லாம் போக வேண்டாம். இந்தியாவுக்கே சொந்தமான சிக்லிட் மூன்றே மூன்றுதான். ஒன்று கரிமீன். கேரளத்தில் வாழையிலையில் வைத்துப் பொரிப்பார்களே, அதேதான். 2010-ல் அதை மாநில மீனாகவே அறிவித்தார்கள். இரண்டாவது கர்நாடகப் பக்கத்தில் மட்டும் இருக்கும் ஓர் அபூர்வ மீன். மூன்றாவதுதான் நம் கதாநாயகன், ஆரஞ்சு குரோமைட். மலையாளத்தில் பள்ளத்தி என்பார்கள். 1795-லேயே பெர்லின் நகரத்து மீன் அறிஞர் பிளாக் இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்துவிட்டார்.

மூன்று அங்குல நீளம், ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த வட்ட உடம்பு, வரிசையாகக் குட்டிப் பொட்டுகள், நடுவில் பெரிதாக ஒரு கருப்புப் பொட்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆறு கடலைத் தொடும் இடங்களிலும் உப்பங்கழிகளிலும் வாழும். நம் பழவேற்காடு ஏரியிலும் உண்டு. மழைக்காலத்தில் அங்கே நன்னீர் பெருகும், கோடையில் உப்பேறும். இரண்டையும் தாங்கிப் பழகியதால் நம் ஊர்க் கடினத் தண்ணீர் இதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இதன் குடித்தனத்தைக் கேளுங்கள். அம்மா அப்பா இருவரும் சேர்ந்தே முட்டையைக் காப்பார்கள். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் பெற்றோரின் உடம்பின் மேல் வந்து வந்து முட்டும். விளையாட்டு என்று நினைக்காதீர்கள், சாப்பாடு! பெற்றோரின் தோலில் ஊறும் வழவழப்பான திரவத்தை அவை கொத்தித் தின்னும். டிஸ்கஸும் இப்படித்தான் பிள்ளைகளுக்கு ஊட்டும்.

1970-களில் இலங்கையில் ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு வேடிக்கையைக் கவனித்து எழுதினார்கள். பெரிய கரிமீன் வந்து நிற்கும். குட்டி ஆரஞ்சு குரோமைட்கள் அதன் துடுப்பிலும் வாலிலும் படிந்த பூஞ்சையைக் கொத்திச் சுத்தம் செய்யும். பார்லரில் உட்காருவது போலக் கரிமீனும் அசையாமல் நிற்கும். ஆகா, எவ்வளவு நட்பு என்கிறீர்களா? அதே ஆரஞ்சு குரோமைட், கரிமீன் முட்டையிட்டிருந்தால் அந்த முட்டையையும் குஞ்சையும் திருடித் தின்னும்! சுத்தம் செய்பவரும் அவர்தான், திருடுபவரும் அவர்தான். அதனால்தான் சொன்னேன், சாது என்பது மீனின் நெற்றியில் எழுதி ஒட்டிய சீட்டு இல்லை.

ஆரஞ்சு குரோமைட்டை ஒன்றோ இரண்டோ வாங்காதீர்கள். ஆறாவது வேண்டும். இரண்டு இருந்தால் பலசாலி, நோஞ்சானை மட்டுமே குறிவைத்து விரட்டும். ஆறு இருந்தால் விரட்டல் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்காகி, யாருக்கும் காயம் இருக்காது. தொட்டி எவ்வளவு பெரிது? கணக்குப் போடுவோம். ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் 56 லிட்டர். மணலும் கல்லும் போட்டால் இன்னும் குறையும். ஆறு மீனுக்கு அது நெருக்கடி. மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். 150 லிட்டருக்கு மேல் வரும். அதுதான் சரி. 150 லிட்டர் என்றால் 150 கிலோ! ஆட்டம் காணும் டேபிள் மேல் வைத்துவிடாதீர்கள்.

உள்ளே நாலைந்து இடத்தில் கல்லையும் உடைந்த மண்சட்டியையும் கவிழ்த்து வையுங்கள். ஒன்றை ஒன்று பார்க்க முடியாதபடி மறைவு இருந்தால் பாதிச் சண்டை வராது. கூடச் சேர்க்க மோலி நல்ல ஜோடி, அதுவும் கடினத் தண்ணீர்ப் பிரியர். மோலி போடும் குட்டிகள் சில காணாமல் போகும், அது தவிர்க்க முடியாதது. கோல்டு ஃபிஷ்ஷும் ஃபைட்டரும் வேண்டாம்.

தொட்டி வாங்கிய அன்றே மீன் வாங்குவதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய அவசரம். மீனின் கழிவிலிருந்து அமோனியா என்ற விஷம் வரும். ஃபில்டரில் குடியேறும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள்தான் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தொல்லை தராத நைட்ரேட்டாகவும் மாற்றும். அவை போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் கழிவு நீரைச் சுத்தம் செய்யும் பொது நிலையங்கள் இருக்கின்றனவே, அங்கேயும் பெரிய தொட்டிகளில் காற்றடித்து வளர்ப்பது பாக்டீரியாக்களைத்தான். ஆக, உங்கள் வரவேற்பறையில் ஒரு குட்டிச் சுத்திகரிப்பு நிலையம்! ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவினால் அவை எல்லாம் செத்துப்போகும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் லேசாக அலசினால் போதும். காலையும் மாலையும், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு தீனி. பிஸ்கட், பொரி எல்லாம் கூடாது. வெயில் காலத்தில் தண்ணீர் சூடேறினால் அதில் பிராணவாயு குறையும். தொட்டியை ஜன்னல் வெயிலில் இருந்து தள்ளி வைத்து, ஏர் பம்ப்பை நிறுத்தாமல் ஓட விடுங்கள்.

கடைசியாக, கொஞ்சம் கண்டிப்பாக ஒன்று. மீன் பெரிதாகிவிட்டது, சண்டை போடுகிறது, வளர்க்க முடியவில்லை. என்ன செய்வீர்கள்? "பாவம், ஏரியில் விட்டுவிடலாம்" என்று தோன்றும். வேலூர்க் கோட்டை அகழி பக்கத்தில் வீடு இருந்தால் அங்கே விடத் தோன்றும். ஒரு காலத்தில் அந்த அகழியில் முதலைகள் இருந்தன என்று சொல்வார்கள். இப்போது உங்கள் பிளவர்ஹார்ன் வேண்டாம்! ஜிலேபியின் கதை தெரியுமா? ஆப்பிரிக்க மீன் அது. மலிவாக மீன் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகளை வாய்க்குள் வைத்துக் காக்கும் மீன் ஆயிற்றே, அதன் குஞ்சுகள் பிழைத்தன, பெருகின. கெண்டை, கெளுத்தி, விரால் இருந்த ஏரிகளில் இன்று ஜிலேபிதான் ராஜா. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கிய சக்கர் மீனும் இப்படி ஏரிகளுக்குள் புகுந்து வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. நம் நாட்டு ஆரஞ்சு குரோமைட்டைக்கூடத் தொட்டியிலிருந்து ஏரியில் விடக் கூடாது. கடையிலிருந்து வந்த நோய் அதன் உடம்பில் இருந்தால் ஏரி மீன்களுக்குத் தொற்றிவிடும்.

எனவே அடுத்த முறை கடைக்குப் போகும்போது, ஒரு ஸ்கேலால் தொட்டியை அளந்து எழுதிய சீட்டும், வீட்டுத் தண்ணீர் ஒரு பாட்டிலும் கையில் இருக்கட்டும். "சண்டை போடாத மீன் குடுங்க" என்று கேட்காமல், "இது எவ்வளவு பெருசா வளரும்? எத்தனை சேர்த்து வளர்க்கணும்? இந்தத் தண்ணி இதுக்கு ஒத்துக்குமா? வளர்க்க முடியலைன்னா நீங்களே திருப்பி எடுத்துப்பீங்களா?" என்று நாலு கேள்வி கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "எடுத்துக்கறேன்" என்று சொல்கிற கடையில் மட்டும் மீன் வாங்குங்கள்.